படத்தின் அடியில் இருக்கும் அந்த வரியை வெட்டாதீர்கள்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அருங்காட்சியகங்களின் அச்சுப்படப் பிரிவுகளைக் கவனித்துக்கொள்ளும் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் அலமாரிகளில் வெளிச்சம் படாமல் பாதுகாக்கப்படும் 18ஆம் நூற்றாண்டு அச்சுப்படங்களை இன்று இங்கே உட்கார்ந்துகொண்டே திரையில் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. அதற்காக முதலில் நன்றி. அந்தப் படங்களில் ஒரு பெருங்கூட்டம் காதலையும் கல்யாணத்தையும் பற்றியது. புதர் மறைவில் முத்தம், ஊஞ்சல், கடிதம், மோதிரம், ஒப்பந்தம், முதலிரவு. வெர்சாய் அரண்மனைப் பிரமுகர்களிலிருந்து லண்டன் கடைத்தெருவில் சில்லறை எண்ணி வாங்கியவர் வரை எல்லாருக்கும் இதில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. இந்தப் படங்களை நீங்கள் எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு அச்சுப்படத்தின் அடியிலும் செப்புத்தகட்டிலேயே வெட்டிய ஒரு வரி இருக்கும். மூல ஓவியம் யாருடையது, தகட்டைச் செதுக்கியவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஊரில் எந்தத் தெருவில் கிடைக்கும் என்று அது சொல்லும். போஸ்டராகவும் அஞ்சலட்டையாகவும் புத்தக அட்டையாகவும் சமூக ஊடகப் பதிவாகவும் படம் வெளியே வரும்போது முதலில் கத்தரிக்கப்படுவது அந்த வரிதான். பழைய சேகரிப்பாளர்களும் இதைச் செய்தார்கள். ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள். அவர்களை இனிமேல் திருத்த முடியாது. உங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஓரத்து வரிக்காக இவ்வளவு ஏன் என்றால், முதலில் மேலே இருக்கும் படங்களைப் பார்க்க வேண்டும்.

லண்டன் ஓவியரும் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த் 1736இல் வெளியிட்ட ‘முன்’, ‘பின்’ என்ற ஜோடியை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் ஒரு படுக்கையறை. பெண் கட்டில் பக்கமாக ஒதுங்குகிறாள், ஆண் அவளுடைய உடையைப் பற்றி இழுக்கிறான். அவள் பிடித்த அலங்கார மேசை சாய்கிறது. நாய் குரைக்கிறது. மேசைமேல் பக்தி நூல் ஒன்று, திறந்துகிடக்கும் இழுப்பறைக்குள் நாவல்களும் ராச்செஸ்டர் பிரபுவின் பச்சையான கவிதைகளும். இரண்டாவது படத்தில் மேசை கவிழ்ந்து கண்ணாடி உடைந்துவிட்டது. நாய் தூங்குகிறது. அவன் கால்சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்க்கிறான். அவள் அவனைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள். சுவர்ப் படத்தில் மன்மதப் பையன் முதலில் வாணத்துக்குத் திரி கொளுத்துகிறான், அடுத்ததில் வாணம் அணைந்து விழுகிறது.

இதைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள். இழுப்பறையில் கிடக்கும் புத்தகங்களைக் காட்டி ‘இவள் மறுப்பதும் நடிப்புத்தான்’ என்று பார்ப்பவர் காதில் ஓதுவதற்காகவே அவற்றை ஹோகார்த் அங்கே வைத்திருக்கிறார். அந்த ஓதலுக்கு மயங்காமல் அவள் முகத்தையும் கையையும் மட்டும் பார்த்தால் இதைக் காதல் காட்சி என்று வகைப்படுத்த எனக்குக் கை வரவில்லை. அந்தக் காலத்து ஆட்களுக்கு இது புரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. இதே ஹோகார்த் 1732இல் வெளியிட்ட ‘வேசியின் பாதை’ வரிசையின் முதல் படத்தில், கிராமத்திலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கும் பெண்ணைக் கதவோரம் நின்று நோட்டம் விடுகிற ஆள் கர்னல் சார்ட்டரிஸ். வீட்டு வேலைக்காரியைப் பலாத்காரம் செய்ததாக 1730இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அரச மன்னிப்பில் தப்பித்தவர். அந்த முகம் யாருடையது என்று லண்டனுக்குத் தெரியும். ஒரு கினி (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) கொடுத்து ஆயிரம் பேருக்கு மேல் முன்பதிவு செய்து வாங்கிய வரிசை அது.

பாரிஸ் பக்கம் போனால் பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகோனாரின் ‘தாழ்ப்பாள்’. மூல ஓவியம் லூவ்ரில் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்தில் ஊர் பார்த்தது மொரீஸ் ப்ளோ 1784இல் செதுக்கிய அச்சுப்படத்தை. ஆண் எக்கி நின்று விரல் நுனியால் தாழ்ப்பாளைத் தள்ளுகிறான். இன்னொரு கையால் அவளை வளைத்திருக்கிறான். அவள் அவனைத் தள்ளுகிறாளா, அவன்மேல் சாய்கிறாளா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையைவிட, அதற்குப் பிறகு நடந்த வியாபாரம் சுவாரசியமாக இருக்கிறது. 1792இல் அதே ப்ளோ இதற்கு ஜோடியாக ‘ஒப்பந்தம்’ என்ற படத்தைச் செதுக்கி விட்டார். அதில் ஓர் இளம் ஜோடி கல்யாண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறது. சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். தாழ்ப்பாள் போட்ட அறையில் என்ன நடந்திருந்தாலும் சரி, கட்டி வைத்துவிட்டால் தீர்ந்தது. எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் கேட்டுப் பழகிய தீர்ப்புதான்.

கல்யாணம் வரை எல்லாப் பாதைகளும் போகின்றன, அங்கே போய் முடிகின்றன. ஓவியர் க்ரூஸின் ‘கிராமத்து மணப்பெண்’ 1761 பாரிஸ் கண்காட்சியில் கூட்டம் கூட்டிய ஓவியம். ஃப்லிப்பார் அதை 1770இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். அப்பா சீதனப் பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டார், பை மாப்பிள்ளை கையில். ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதுகிறார். அம்மாவும் தங்கையும் பெண்ணை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்ணின் விரல்கள் மாப்பிள்ளையின் கைமேல் பட்டும் படாமலும். முன்னால் ஒரு கோழி குஞ்சுகளோடு மேய்கிறது, அதையும் விடாமல் எழுத்தாளர் திதரோ தன் விமர்சனத்தில் குறித்திருக்கிறார். இந்தப் படத்துக்கு விளக்கக் குறிப்பு எழுத வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பாட்டிகள் யாரையாவது கேளுங்கள்.

ஹோகார்த்தின் ‘நாகரிகக் கல்யாணம்’ (1745) இதே ஒப்பந்தத்தைக் காறித் துப்புகிறது. முதல் படத்தில் வாதநோயால் காலைத் தூக்கி வைத்திருக்கும் பிரபு, வில்லியம் மன்னர் வரை போகும் குலமரத்தைக் காட்டுகிறார். பணக்கார வணிகர் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரத்தை வாசிக்கிறார். மாப்பிள்ளை கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்கிறான். பெண் கைக்குட்டைக்குள் மோதிரத்தைக் கோத்து ஆட்டிக்கொண்டிருக்க, வக்கீல் அவள் காதருகே குனிகிறார். தரையில் ஒரே சங்கிலியில் பிணைத்த இரண்டு நாய்கள். பிரமாதமான படம். இருந்தாலும் இதிலும் பெண்ணுக்கு ஒரு வேலைதான், கைமாறுவது.

இங்கிலாந்தில் அப்படிக் கைமாறிய பெண்ணுக்குச் சட்டத்தில் என்ன மிச்சம்? சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் வெளியிடத் தொடங்கிய சட்ட விளக்கத்தின்படி, கல்யாணத்தோடு கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பாத்தியம், கடைச் சரக்கு எல்லாம் கணவனுக்கு. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது. விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும், அது பெரிய பணக்கார ஆண்களுக்கு மட்டும் எட்டுகிற காரியம்.

இப்போது அடிவரிக்கு வருகிறேன்.

ஹோகார்த் போன்றவர்களின் முயற்சியால் 1735இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. செதுக்குப்படத்துக்கு 14 ஆண்டு உரிமை. பதிலுக்கு, வெளியான தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டில் இருக்க வேண்டும். திருட்டுப் பிரதிகளைத் தடுக்க வந்த சட்டம், ஆனால் அதனால் நமக்கு வேறொரு லாபம் கிடைத்தது. யாருடைய சொத்து இந்தப் படம் என்பது படத்தோடே பதிவாகிவிட்டது. அந்த வரிகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் பெண்கள் தட்டுப்படுகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் யார் என்று பாருங்கள்: கல்யாணமே செய்யாதவர்கள், அல்லது விதவைகள். மேலே படத்தில் எந்தக் கல்யாணத்தை நோக்கி ஒரு பெண்ணை எல்லாரும் தள்ளிக்கொண்டு போகிறார்களோ, அந்தக் கல்யாணத்துக்கு வெளியே நின்றால்தான் கீழே ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது.

ஜேன் ஹோகார்த்தையே பார்க்கலாம். அரசவை ஓவியர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில்லின் மகள். 1729இல் அப்பாவுக்குத் தெரியாமல் ஹோகார்த்தோடு போய் பேடிங்டன் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். பெற்றோர் சம்மதமில்லாமல் 21 வயது நிரம்பாதவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைத் தடுத்த சட்டம் 1753இல்தான் வந்தது. மாமனாரின் கோபத்தைத் தணித்ததே ‘வேசியின் பாதை’ ஓவியங்கள்தான் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு உண்மையோ. கணவர் 1764இல் இறந்த பிறகு ஜேன் தகடுகளை விற்றுவிட்டு ஒதுங்கவில்லை. லெஸ்டர் ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்தே படங்களை அச்சிட்டு விற்றார். 1767இல் நாடாளுமன்றம் செதுக்குப்பட உரிமையை 28 ஆண்டாக நீட்டியபோது, ஹோகார்த் படங்களின் தனி உரிமையை 20 ஆண்டுக்கு ஜேனுக்குக் கொடுத்து, அவர் பெயரையே சட்டத்தில் எழுதியது. ‘முன்’னையும் ‘பின்’னையும் விற்கும் உரிமை ஒரு விதவையின் கையில். சரி, இதை எந்தக் காட்சிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறீர்கள்?

பாரிஸிலும் இதே கதை, சட்டம் வேறு. ஓவியர் வாத்தோவின் பூங்காக் காதலர்களை ஐரோப்பா முழுக்கக் கொண்டுசேர்த்தது அவர் இறந்த பிறகு நண்பர் ஜூலியென் செதுக்கவைத்த பெருந்தொகுப்பு. 1720களிலும் 30களிலும் வெளிவந்தது. தோட்டம், கிதார், விசிறி, தயங்கி நிற்கும் பெண், குனிந்து ஏதோ சொல்லும் ஆண். அவற்றில் பலவற்றின் அடியில் ‘ஃப்ரான்சுவா ஷெரோவின் விதவையிடம், சேன் ஜாக் தெரு, இரண்டு தங்கத் தூண்கள் கடை’ என்று விலாசம். கணவர் 1729இல் இறந்துவிட்டார். அந்த அம்மாள் கடையை விடவில்லை. வரியில் அவருடைய சொந்தப் பெயர் கிடையாது, இன்னாரின் விதவை, அவ்வளவுதான். அதையும் நறுக்கிவிட்டால் மிச்சம் என்ன?

லண்டன் அச்சுப்படக் கடைக்காரி ஹன்னா ஹம்ஃப்ரிதான் என் செல்லம், ஒப்புக்கொள்கிறேன். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேலிச்சித்திரக்காரர் கில்ரேயின் படங்களை வெளியிட்டவர், 1793 முதல் கில்ரே இவருடைய கடைக்கு மேல்தான் குடியிருந்தார். 1797 முதல் கடை செயின்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண். அரசியல்வாதிகள் தங்களைக் கேலி செய்த படங்களைப் பார்க்க வந்து நின்ற கண்ணாடி ஜன்னல் அது. கல்யாணத்துக்கு முன் யாழிசையோடு சேர்ந்து பாடி இழைகிற ஜோடி, கல்யாணத்துக்குப் பின் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பிய அதே ஜோடி என்று 1805இல் வந்த இரட்டைப் படத்தின் அடியிலும் இவர் பெயர். கல்யாணத்தைப் பற்றிய நாட்டின் மிகக் கூரிய கேலிகளில் ஒன்றை விற்றது கல்யாணமாகாத ஒரு கடைக்காரி. 1796இல் வந்த ‘இரண்டு பென்னி சீட்டாட்டம்’ என்ற படத்தில் மூக்குக்கண்ணாடியும் தொப்பியுமாக அவரே உட்கார்ந்திருக்கிறார், ‘பெட்டி’ என்ற பெயர்கொண்ட கடை வேலைக்காரப் பெண் சீட்டை நீட்டிச் சிரிக்கிறாள். அந்த நூற்றாண்டின் அச்சுப்படப் பெண்களில் யாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று கவலைப்படாத முகம் வேண்டுமென்றால் இந்த அம்மாளின் முகத்தைப் பாருங்கள்.

கணவன் உயிரோடு இருக்கையிலேயே தொழில் செய்த மேரி டார்லியின் கதி வேறு. கேலிச்சித்திரம் வரைவதைப் பற்றி 1762 வாக்கில் புத்தகம் போட்டவர், தானே செதுக்குவார். கணவர் பெயர் மேத்யூ. இருவருக்கும் முதலெழுத்து ஒன்றே. ‘எம். டார்லி’ என்று இருக்கும் தகடு யாருடைய கைவேலை என்பதில் இன்றுவரை குழப்பம். 1770களின் தொடக்கத்தில் லண்டன் மைனர்களை ‘மாக்கரோனி’கள் என்று நக்கலடித்த அந்தப் புகழ்பெற்ற படவரிசை, அதாவது எது ஆண்மை என்று நாடே விவாதித்த படவரிசை, இந்தக் கடையிலிருந்து வந்தது. குழப்பமான இடத்தில் ‘மேத்யூ’ என்று நிரப்பிவிடாமல் குழப்பத்தைக் குழப்பமாகவே பட்டியலில் வைக்கலாமே.

செதுக்கியவர்களும் உண்டு. கரோலைன் வாட்சன் 1785இல் அரசி சார்லட்டின் செதுக்கு ஓவியராக நியமிக்கப்பட்டார். ஃப்ராகோனாரின் மைத்துனி மார்கரீத் ஜெரார் பதின்ம வயதிலேயே, 1778இல், துணி சுற்றிய பூனைக்குட்டியோடு ஒரு குழந்தையைச் செதுக்கினார். கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் மனைவி கேத்தரின் 1782இல் கல்யாணப் பதிவேட்டில் பெருக்கல் குறி போட்டவர், பிறகு கணவரின் தகடுகளை அச்சிடவும் வண்ணம் பூசவும் கற்றுக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் செய்தார். அப்புறம் பெயரே இல்லாதவர்கள். கையால் வண்ணம் பூசிய அச்சுப்படங்களில் பெரும்பங்கு பெண்களும் சிறுபிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூசியவை. அவர்களைப் பற்றி எந்த அடிவரியும் பேசாது.

பெண்கள் வேறு மாதிரி இருந்த படங்களே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன, கேலியாக. செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட் 69ஆம் எண்ணிலிருந்து காரிங்டன் பௌல்ஸ் 1778இல் வெளியிட்ட படத்தில் ஒருத்தி கிரிக்கெட் மட்டைமேல் சாய்ந்து நிற்கிறாள், இன்னொருத்தி துப்பாக்கியும் சுட்ட பறவைகளுமாக நிற்கிறாள். மிஸ் விக்கெட், மிஸ் டிரிகர் என்று பெயர். இதைப் பெண் விடுதலை என்று சிலர் பகிர்வதைப் பார்த்திருக்கிறேன். பௌல்ஸ் அதை விற்றது சிரிப்புக்காக. ஆனாலும் அந்த இரண்டு பேரும் ரொம்ப நிம்மதியாக நிற்கிறார்கள், கேலி அவர்களைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை.

ஜெர்மனியில் ஓவியர் ஹோடோவியெட்ஸ்கி கையடக்கமான பஞ்சாங்கத்துக்குப் பெண் கேட்கும் காட்சிகளைச் செதுக்கினார். 1781, 1782ஆம் ஆண்டுகளின் கோட்டிங்கன் சட்டைப்பை நாட்காட்டியில் வந்தவை, விளக்கம் எழுதியவர் எழுத்தாளர் லிஷ்டன்பர்க். ஒவ்வொரு தகட்டிலும் வேறு வேறு ரகத்து ஆண் வந்து கேட்கிறான். ரகம் மாறுவது ஆணுக்கு மட்டும். பெண் உட்கார்ந்தோ நின்றோ கேட்டுக்கொள்கிறாள்.

இவர்கள் எல்லாரிலும் பெண்ணின் பக்கம் அதிகமாக இருட்டைக் காட்டியவர் ஸ்பானிய ஓவியர் கோயா. 1799 பிப்ரவரியில் மாட்ரிட்டில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் 80 தகடுகள் கொண்ட ‘காப்ரிச்சோஸ்’ விற்பனைக்கு வந்தது, விலை 320 ரியால். இரண்டாவது தகட்டில் முகமூடி போட்ட மணப்பெண்ணைக் கிழவர்கள் நடத்திக்கொண்டு போகிறார்கள். முதலில் வந்தவனுக்குச் சம்மதம் சொல்லிக் கை நீட்டுகிறார்கள் என்பது தலைப்பு, ஹோவெயானோஸின் கவிதை வரி. 14ஆம் தகட்டில் கூனல் விழுந்த பணக்கார மாப்பிள்ளை, பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பின்னால் நிற்கும் ஒருவர் கையால் முகத்தை மூடிக்கொள்கிறார். 75ஆவதில் ஓர் ஆணையும் பெண்ணையும் சேர்த்து மரத்தோடு கட்டியிருக்கிறது, மேலே கண்ணாடி போட்ட பெரிய ஆந்தை. எங்களை அவிழ்த்துவிட யாருமே இல்லையா என்கிறது அடிவரி. பிரான்ஸ் 1792இல் விவாகரத்தைச் சட்டமாக்கியிருந்தது, ஸ்பெயினில் அது கனவு. சில நாளில் கோயா விற்பனையை நிறுத்திவிட்டார், 27 பிரதிகள்தான் போயிருந்தன. 1803இல் தகடுகளையும் விற்காத 240 பிரதிகளையும் அரசரிடம் ஒப்படைத்து மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டார்.

உங்களில் சிலர் இதில் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியல் அடிவரி எழுத்துகளைப் பெயர்த்துக் கொடுக்கிறது. இந்த மடலில் இருப்பது பாதி அப்படிப்பட்ட உழைப்பின் தயவு. ஆனால் பட்டியலைத் தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குக் கிடைப்பது போஸ்டரும் காதலர் தினப் பதிவும்தான், அதில் ஃப்ராகோனாரின் ஊஞ்சல் மட்டும் இருக்கும், த லோனே 1782இல் அதைச் செதுக்கினார் என்பதுகூட இருக்காது.

அதனால் படத்தை வெளியே விடும்போது தகட்டின் ஓரம்வரை முழுசாக விடுங்கள். அந்த வரியைப் பெயர்த்துப் படத்தோடு போடுங்கள். வெளியிட்டவர் பெண் என்றால், விதவையா, மணமாகாதவரா, கணவரோடு சேர்ந்து நடத்தியவரா என்பதையும் தேடுபொறியில் தேடும்படி வையுங்கள். ‘முன்’, ‘பின்’, ‘தாழ்ப்பாள்’ போன்றவற்றுக்குக் குறிப்பு எழுதும்போது சரசம், லீலை என்று மெழுகாமல், படத்தில் யார் யாரை இழுக்கிறார் என்பதை எழுதுங்கள். அடுத்த முறை காதல் அச்சுப்படக் கண்காட்சி வைத்தால் நுழைவாயிலில் ஊஞ்சலுக்குப் பதிலாக ஹன்னா ஹம்ஃப்ரியின் சீட்டாட்ட மேசையை மாட்டிப் பாருங்கள். கூட்டம் குறையாது என்பது என் கணிப்பு.

இப்படிக்கு,
உங்கள் அச்சுப்படங்களைத் தூரத்திலிருந்து பார்க்கும் தமிழ் வாசகர் ஒருவர்